நள்ளிரவில் சர்க்கரை அளவு சென்சாரில் 55, விரலில் குத்தினால் 112: எதை நம்புவது?

கேள்வி: சிஜிஎம் (தோலில் ஒட்டி, சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சார்) ஒட்டி இரண்டாம் நாள். இரவில் மட்டும் லோ (சர்க்கரை குறைவு) அலாரம் அடிக்கிறது, பகலில் சரியாக இருக்கிறது. கழற்றிவிடலாமா?

பதில் 1: வேண்டாம். சென்சார் ஒட்டிய கைமேல் படுத்தால் சென்சார் இழையைச் சுற்றிய திசுநீர் ஓட்டம் குறைந்து பொய்யான லோ வரும். கிராஃப் செங்குத்தாக இறங்கி, புரண்டு படுத்ததும் மளமளவென ஏறியிருந்தால் அழுத்தம்தான் காரணம். அடுத்ததை அமுங்காத இடத்தில் ஒட்டுங்கள்.

பதில் 2: சென்சார் காட்டும் அம்புக்குறி கிடையாக (சர்க்கரை ஏறாமல் இறங்காமல்) இருக்கும்போது மட்டும் விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரோடு ஒப்பிடுங்கள். சாப்பிட்டவுடன் பார்த்தால் சென்சார் 5–15 நிமிடம் பின்தங்கும். குத்துமுன் கையைக் கழுவித் துடையுங்கள். விரலில் பழச்சாறு இருந்தாலே மீட்டர் எகிறும்.

பதில் 3: வைட்டமின் சி மாத்திரை போடுகிறீர்களா? சில சென்சார்கள் அதனால் கூட்டிக் காட்டும், நிஜ லோ மறைந்துவிடும். வியர்வை, நடுக்கம் இருந்து மீட்டர் கைவசம் இல்லையென்றால் 15 கிராம் குளுக்கோஸ் முதலில், ஆராய்ச்சி அப்புறம்.