பில்லில் சேவைக் கட்டணம் இருக்கும்போது டிப்ஸும் தர வேண்டுமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். நான் செங்கோட்டையில் வசிப்பவன். சென்ற ஞாயிறு குடும்பத்தோடு கேரளத்தில் உள்ள புனலூர் சென்றபோது அங்கே ஓர் ஏசி உணவகத்தில் சாப்பிட்டோம். சாப்பாடு 840 ரூபாய். அதன்மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதாவது 84 ரூபாய். இரண்டையும் கூட்டி அதற்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என 970 ரூபாய்க்கு பில் வந்தது. பெருஞ்சீரகமும் கற்கண்டும் இருந்த தட்டை வைத்துவிட்டுப் பரிமாறியவர் நகராமல் நின்றார். "84 ரூபாய் உங்களுக்குத்தானே?" என்று கேட்டபோது, கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க கைக்கு வராது சாரே" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். 50 ரூபாயை அவர் கையில் கொடுத்தேன். மனம் மட்டும் உறுத்துகிறது.

சேவைக் கட்டணத்தைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டதையும், தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்ததையும், 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம் என்பதையும் அறிவேன். ஆனால் குழந்தைகள் கை கழுவிவிட்டு வாசலில் நிற்கும்போது சட்டம் பேச நா எழுவதில்லை.

அடுத்த மாதம் அதே ஊரில் நாற்பது பேருக்கு விருந்து வைக்க வேண்டியிருக்கிறது. முன்பணம் கொடுக்கும்போதே இக்கட்டணம் வேண்டாம் என்று எழுதி வாங்கியவர்கள் உண்டா? டிப்ஸை மேற்பார்வையாளரிடம் மொத்தமாகக் கொடுப்பதா, பரிமாறுபவர், மேசை துடைப்பவர் எனத் தனித்தனியே கொடுப்பதா? தென்மலை, புனலூர்ப் பக்கம் அடிக்கடி செல்பவர்கள் அங்குள்ள வழக்கத்தைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.