புதுப்பிப்பு: கொல்லையில் காய்த்த 40 கிலோ ஆப்பிள் என்ன ஆனது?

இங்கிலாந்தில் நாங்கள் புதிதாகக் குடிவந்த வீட்டின் கொல்லையில் ஒரு பிராம்லி ரக ஆப்பிள் மரம், சுமார் 40 கிலோ காய், என்ன செய்வது என்று செப்டம்பரில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பிராம்லி கடித்துத் தின்னும் ரகமில்லை, சமையலுக்கானது. பல் கூசும் புளிப்பு. அந்தப் புளிப்புதான் கைகொடுத்தது. மாங்காய்த் தொக்கு போலவே துருவி, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு சேர்த்து வதக்கி, கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயமும் பெருங்காயமும் போட்டேன். மாங்காயைவிட அதிகம் தண்ணீர் விடுகிறது. எண்ணெய் பிரிய முக்கால் மணி நேரம் கிளறி, கையே கழன்றுவிட்டது. ஆறு பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

துண்டு ஊறுகாய் சொதப்பல். சூடான எண்ணெயில் போட்டதும் துண்டெல்லாம் கூழாகிவிட்டது. வெந்தால் குழைவதுதான் இந்த ரகத்தின் குணம் என்று அப்புறம்தான் தெரிந்தது. சரி, அந்தக் குணத்துக்கு ஏற்ற மாதிரி அடுத்த முறை வெல்லம் போட்டுப் பச்சடியாகவே செய்தேன். வீட்டில் அதற்குத்தான் இப்போது கிராக்கி.

அடிபடாத காய்களைச் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, ஷெட்டில் அடுக்கினேன். ஒரே ஒரு கன்றிய காய் தப்பிப்போய், பக்கத்திலிருந்த நான்கையும் அழுகவைத்துவிட்டது. இப்போது வாரம் ஒருமுறை பிரித்துப் பார்க்கிறேன். இன்னும் பத்துக் கிலோ பாக்கி. பச்சடி தவிர வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.