சிங்க்குல தண்ணி இறங்கமாட்டேங்குது, காஸ்டிக் சோடா போடலாமா?

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூல்ல பழைய பிளாட்டு, 3ஆவது மாடி. தீபாவளி முடிஞ்சு ஒரு வாரமா சமையல்கட்டு சிங்க்குல தண்ணி ஒழுங்கா இறங்கலை. முழுசா அடைக்கலை. நிக்குது, கால் மணி நேரம் கழிச்சு 'களக்'குன்னு ஒரு சத்தம், அப்புறம் மெதுவா இறங்குது. இறங்கின இடத்துல வெள்ளையா ஒரு பிசுக்கு. வாடை வேற.

வீட்டுல என்ன நடந்துச்சுன்னு மறைக்காம சொல்லிடுறேன்: 4 கிலோ ஆட்டுக்கறி, ரெண்டு தடவை முறுக்கு, நெய் உருண்டை, சனிக்கிழமை தோசைக்கு மாவரைச்சு கிரைண்டர் கழுவுன தண்ணி. எல்லாம் அந்த ஒரே ஓட்டை வழியாத்தான் போச்சு.

கொதிக்கிற தண்ணி ரெண்டு தடவை ஊத்தினேன். அன்னிக்கு நல்லா இறங்குச்சு, மறுநாள் பழையபடி. கைப்பேசியில பாத்துட்டு பேக்கிங் சோடாவும் வினிகரும் போட்டேன். நுரை வந்துச்சு, பாக்க அழகா இருந்துச்சு, தண்ணி அப்படியேதான் நின்னுச்சு. பிளம்பர் ஒருத்தர் வந்தாரு. குனிஞ்சுகூட பாக்கலை, 180 வெள்ளி (ரிங்கிட்)ன்னாரு. எங்க அண்ணி காஸ்டிக் சோடா பாக்கெட்டு ஒண்ணு கொண்டாந்து வச்சுட்டுப் போயிட்டாங்க. வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்டு, பகல்ல எழுப்ப மனசு வரலை. நானே ஏதாவது செய்யலாமா? கீழே இருக்கிற பைப்பெல்லாம் வெள்ளை பிளாஸ்டிக்கு.

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்:
கோக் ஒரு பெரிய போத்தல் ஊத்தி ராத்திரி முழுக்க விடுங்கக்கா. சரியாயிடும்.

ஜெலுத்தோங் அண்ணன்:
தம்பி, கோக்கை நீயே குடி. ஆட்டுக்கொழுப்பை அது ஒண்ணும் பண்ணாது.

தங்கச்சி, பாக்கெட்டைப் பிரிக்காதீங்க. நான் பினாங்கு பத்து ஃபெரிங்கியில ஹோட்டல் ஒண்ணுல 19 வருஷம் மெயின்டெனன்ஸ் பாத்தவன். கல்யாண விருந்து முடிஞ்ச மறுநாள் காலையில எங்களுக்கு இதே வேலைதான். நீங்க சொல்றதைக் கேட்டாலே தெரியுது, கொழுப்பும் மாவும்.

குழம்பு ஆறினதும் மேல வெள்ளையா ஏடு கட்டுதில்ல? அதுக்கு ஐஸ்பெட்டி வேணாம், நம்ம ஊரு 30 டிகிரி சூட்டுலயே ஆட்டுக்கொழுப்பு உறைஞ்சிரும். பாமாயில் போத்தல்ல தண்ணியாத்தான் இருக்கும். ஆனா பைப்புக்குள்ள இந்தக் கொழுப்போடயும் உளுந்து மாவோடயும் சேர்ந்தா பசை. நீங்க ஊத்தின கொதிதண்ணி அதைக் கரைச்சுது உண்மைதான். கரைச்சுக் கொண்டுபோய் ரெண்டு அடி தள்ளி விட்டுச்சு, அங்க ஆறி மறுபடி உறைஞ்சிருச்சு. அதோட உங்க வெள்ளை பிளாஸ்டிக்கு, அதாவது பிவிசி பைப்பு 80 டிகிரி கிட்ட போனாலே இளகும். கொதிதண்ணி 100. இனிமே வேணாம். சோடாவும் வினிகரும் சண்டை போட்டு முடிஞ்சா மிஞ்சுறது உப்புத்தண்ணிதான், காத்து மேல போயிரும்.

முதல்ல ரெண்டு விஷயம் சொல்லுங்க. வாஷிங் மெஷின் தண்ணி விடுறப்போ சிங்க்குலயோ பாத்ரூம் தரை ஓட்டையிலயோ நுரை பொங்குதா? நீங்க குழாயே திறக்காதப்ப, மேல்வீட்டுக்காரங்க பாத்திரம் கழுவுற தண்ணி உங்க சிங்க்குல ஏறுதா? ஏறினா அது எல்லா வீட்டுக்கும் பொதுவான நெட்டுக்குத்து பைப்பு. அதை நீங்க தொடவேணாம், 180 வெள்ளியும் குடுக்கவேணாம், நிர்வாகத்துக்கிட்ட எழுதிக் குடுங்க. 2013 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி பொதுச் சொத்தைப் பராமரிக்கிறது அவங்க வேலை.

செந்தூல்வாசி:
ரெண்டும் இல்லண்ணே. மெஷின் ஓடும்போது பாத்ரூம்ல ஒண்ணுமே ஆகலை. சிங்க்கு மட்டும்தான்.

கெப்போங் அக்கா:
குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும். காஸ்டிக் பத்தி நானும் சொல்லியாகணும். போன வருஷம் பாத்ரூம் ஓட்டையில அரை பாக்கெட்டு கொட்டிட்டு, மேல சுடுதண்ணி ஊத்தினேன். சோடா தண்ணி பட்டாலே தானா கொதிக்கும்னு எனக்கு யாரும் சொல்லலை. ஓட்டையிலிருந்து எகிறி மணிக்கட்டுல பட்டுச்சு. எரியலை முதல்ல, சோப்புத்தண்ணி மாதிரி வழவழன்னு இருந்துச்சு, அதனால துடைச்சுட்டு விட்டுட்டேன். அதுதான் தப்பு. அந்த வழவழப்பு என் தோல் கரையிறது. குழாயைத் திறந்துவிட்டு 20 நிமிஷமாவது கழுவியிருக்கணும். தழும்பு இன்னும் இருக்கு.

அடைப்பு போகலை. மிச்சத் தூள் அடியில கல்லு மாதிரி இறுகிடுச்சு. வந்த ஆளு "உள்ள என்ன போட்டீங்க?"ன்னு கேட்டதும் கையை எடுத்துட்டாரு. அவரைக் குத்தம் சொல்லமுடியாது.

ஜெலுத்தோங் அண்ணன்:
அக்கா சொன்னதை எல்லாரும் படிங்க. அலுமினிய சட்டி பக்கத்துல அந்தத் தூள் போகவே கூடாது, அரிச்சுத் தீ பிடிக்கிற காத்தைக் கிளப்பும். கடையில விக்கிற டாய்லெட் ஆசிட்டையும் குளோரோக்ஸ் பிளீச்சையும் ஒரே ஓட்டையில ஊத்துறவங்களையும் பாத்திருக்கேன். வர்றது குளோரின் வாயு. சின்ன பாத்ரூம்ல மூச்சு நின்னுரும்.

சரி தங்கச்சி, உங்க வேலைக்கு வருவோம். சிங்க்குக்குக் கீழ டம்ளர் மாதிரி தொங்குதா, இல்ல யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்ச பைப்பா? டம்ளர்னா அது பாட்டில் டிராப்பு. அதுக்குக் கீழ பக்கெட்டை வைங்க. சிங்க்குல நிக்கிற தண்ணியை முதல்ல சொம்பால மொண்டு பக்கெட்டுல விடுங்க, இதைச் செய்யாம திறந்தா உங்க மடியிலதான் விழும். அந்த டம்ளரை இடப்பக்கமா திருகுனா கழலும். கையாலதான், ஸ்பேனர் போட்டா பிளாஸ்டிக்கு மரை பிஞ்சிரும். வழுக்கினா ரப்பர் கையுறை போட்டுத் திருகுங்க. உள்ள ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும், எந்தப் பக்கம் எப்படி இருந்துச்சுன்னு ஒரு படம் எடுத்து வச்சுக்குங்க. எடுக்கிற அழுக்கைப் பழைய பேப்பர்ல வழிச்சு குப்பையில போடுங்க, மறுபடி டாய்லெட்டுல ஊத்தாதீங்க!

டிராப்பு சுத்தமா இருந்தா அடைப்பு சுவத்துக்குள்ள. அதுக்கு ஹார்ட்வேர் கடையில 5 மீட்டர் ஸ்பிரிங் கம்பி கிடைக்கும். தள்ளாதீங்க, வலப்பக்கமா சுத்திக்கிட்டே விடுங்க, தானா போகும்.

திரும்ப மாட்டினதும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க. அந்த டம்ளர்ல எப்பவும் தண்ணி நிக்கணும். கரப்பான் பூச்சியும் நாத்தமும் மேல வராம தடுக்கிறதே அதுதான்.

செந்தூல்வாசி:
அண்ணே, முடிஞ்சிருச்சு! டம்ளரைக் கழட்டினா உள்ள மெழுகுவர்த்தி. நிஜமா, வெள்ளையா, டம்ளரோட உருவத்துலயே அச்சு எடுத்த மாதிரி ஒரு கட்டி. நடுவுல சுண்டுவிரல் போற அளவுக்குத்தான் வழி. அதுல ரெண்டு கிராம்பு, ஒரு பிரிஞ்சி இலைத் துண்டு, அப்புறம் என் பொண்ணு காணோம்னு அழுத ஒரு பாசிமணி. பழைய கரண்டிக் காம்பால சுரண்டி எடுத்தேன். வாடை... சொல்லவேணாம், மத்தியானம் சாப்பிடலை.

மாட்டினதும் சொட்டுச் சொட்டா ஒழுகுச்சு. பயந்துட்டேன். படத்தைப் பாத்தா ரப்பர் வளையத்தைத் தலைகீழா போட்டிருக்கேன். திருப்பிப் போட்டு, மூட்டுல காஞ்ச டிஷ்யூ சுத்தி, சிங்க்கு நிறைய தண்ணி பிடிச்சு ஒரேயடியா விட்டேன். டிஷ்யூ நனையலை. தண்ணி சுழிச்சுக்கிட்டுப் போச்சு, நானும் பொண்ணும் நின்னு மூணு தடவை வேடிக்கை பாத்தோம். செலவு? கையுறை 3 வெள்ளி 50 காசு.

ஜெலுத்தோங் அண்ணன்:
கம்பி வாங்காததே லாபம். இனி கறிச்சட்டியைக் கழுவுறதுக்கு முன்னாடி டிஷ்யூவால ஒரு துடைப்பு. கிரைண்டர் தண்ணியைப் பூச்செடிக்கு ஊத்துங்க. முறுக்கு எண்ணெய் பழைய போத்தலுக்குப் போகட்டும், அதை வாங்கிக்கிறவங்ககூட இருக்காங்க.

செந்தூல்வாசி:
சரிண்ணே. அண்ணிக்கிட்ட பாக்கெட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன். அவங்க வீட்டு பாத்ரூம்ல தண்ணி நிக்குதாம், ராத்திரி போட்டுப் பாக்கப் போறாங்களாம்.

ஜெலுத்தோங் அண்ணன்:
பாத்ரூம்னா முடிதான். தரையில இருக்கிற சல்லடை மூடியைத் தூக்கிட்டு கம்பி ஹேங்கரை நிமித்தி நுனியை வளைச்சு இழுக்கச் சொல்லுங்க. இப்பவே போன் போடுங்க.