கை ஸ்கானருக்கு யூஎஸ்பியில கரண்ட் குடுத்தா ஒரே இரைச்சல். என்ன செய்யலாம்?

வான்காது:
வணக்கம். மிசிசாகாவில இருக்கிறன். டொரொண்டோ பியர்சன் விமான நிலையத்தில இறங்கிற பிளேன் எல்லாம் வீட்டுக்கு மேலாலதான் போகும். பைலட்மார் கதைக்கிறதைக் கேக்கிற ரேடியோ, ஒரு பழைய கை ஸ்கானர், என்னட்ட இருக்கு. நாலு ஏஏ பற்றரி, பக்கத்தில 'டிசி 6 வோல்ட்' எண்டு ஒரு ஓட்டை. அதுக்குரிய அடப்டர் இல்லை. மேசையில நாள் முழுக்க ஓட விடுவம் எண்டு, ஒரு பக்கம் யூஎஸ்பி மற்றப் பக்கம் உருண்டைப் பிளக் உள்ள வயர் வாங்கி லப்டொப்பில குத்தினன்.

ஓடுது. ஆனா வழமையா வடிவாக் கேக்கிற விமான நிலைய டவர், 118.70 மெகாஹெர்ட்ஸ், இப்ப இரைச்சலுக்குள்ள புதைஞ்சு போகுது. மெல்லிய சிக்னலை வெட்டிற ஸ்குவெல்ச்சை முக்கால்வாசிக்குத் திருப்பினாத்தான் அடங்குது, அப்ப தூரத்துப் பிளேனும் சேர்ந்து காணாமப் போயிடும். ஏரியில படகுக்காரர் கதைக்கிற 156.80இல இந்தக் கரைச்சல் பெரிசா இல்லை. பவர் பாங்கில குடுத்தா இரைச்சல் குறைவு, ஆனா கொஞ்ச நேரத்தில தானா நிண்டுபோகுது. 5 வோல்ட் காணாதோ?

சோல்டர்மணி:
5 வோல்ட் தாராளமா போதும் நண்பரே. ரீசார்ஜபிள் செல் நாலு போட்டா மொத்தமே 4.8 வோல்ட்தான். அதுல ஓடுற செட்டு இதுல ஓடாதா? வோல்டேஜ் பத்தலைன்னா வால்யூம் ஏத்தும்போது கட் ஆகும், டிஸ்ப்ளே மங்கும். நீங்க சொல்ற இரைச்சல் வேற கதை.

முதல்ல ஒண்ணு பண்ணுங்க. வயரைக் கழட்டிட்டு, அதே மேசையில, லேப்டாப் பக்கத்துலயே வச்சு பேட்டரியில ஓட்டுங்க. அப்பவும் இரைஞ்சா ஆன்டெனா காத்துல வாங்குது. நின்னுட்டா வயர் வழியா ஏறுது. இது தெரியாம காசு செலவு பண்ணாதீங்க.

156ல தெரியாததுக்குக் காரணம் அது எஃப்எம். விமானப் பேச்சு ஏஎம். ஏஎம்ல அலையோட ஏற்ற இறக்கம்தான் பேச்சே, அதனால லேப்டாப் கொட்டுற குப்பையும் பேச்சோட பேச்சா ஸ்பீக்கருக்கு வந்துடும். எஃப்எம் ரிசீவர் அந்த ஏற்ற இறக்கத்தை உள்ளயே வெட்டிடும்.

அலைவரிசை:
5ஐ 6 ஆக்குற ஸ்டெப்அப் மாட்யூல் ஒண்ணு நடுவுல போட்டா என்ன? சின்னதுதான், விலையும் கம்மி.

சோல்டர்மணி:
ரேடியோவுக்கு மட்டும் அதை வச்சுடாதீங்க. எம்டி3608 மாதிரி சிப் 1.2 மெகாஹெர்ட்ஸ்ல சுவிட்ச் ஆகுது. அதோட மடங்கெல்லாம் விமானப் பேச்சு வர்ற ஏர்பேண்டு வரைக்கும் வரிசையா வந்து உக்காரும். இருக்குற சனியன் பத்தாதுன்னு இன்னொண்ணா?

பழையரேடியோ:
தம்பி வான்காது, இரைச்சலை விடும், முதல் பெட்டியைக் காப்பாத்தும். பின்பக்கத்தில ஒரு புள்ளியும் வளையமும் கீறின படம் இருக்கும். நடுப்புள்ளி பிளஸ்ஸோ மைனஸோ எண்டு பார்த்து, மீட்டர் வச்சு வயரோட ஒப்பிட்டுப் பாரும். பழைய ஸ்கானர்களில நடு மைனஸா வாறதும் உண்டு. ரவுட்டருக்கு எண்டு விக்கிற யூஎஸ்பி வயரும் பார்க்க இதே மாதிரித்தான், உள்ளுக்க 9 அல்லது 12 வோல்ட்டா ஏத்திக் குடுக்கும். அதைக் குத்தினா சரி, முடிஞ்சுது.

அந்த ஓட்டையால பற்றரி சார்ஜ் ஆகிற வகையெண்டா அல்கலைன் பற்றரியை உள்ளுக்க விடாதையும். ஒழுகிப் பச்சை பிடிக்கும்.

பவர் பாங்க் நிக்கிறது பிழை இல்லை. இழுக்கிற கரண்ட் குறைஞ்சா, போன் நிறைஞ்சிட்டுது எண்டு நினைச்சுத் தானா அணையும். ஒருத்தரும் கதைக்காட்டி உம்மட ஸ்கானர் இழுக்கிறது சொற்பம்தானே. இயர்பட்ஸ் சார்ஜ் பண்ண எண்டு சில பவர் பாங்கில ஒரு சின்னக் கரண்ட் மோட் இருக்கு, பட்டனை ரெண்டு தரம் அமத்தினா வரும். உம்மடதில இருக்கோ பாரும்.

என்னைக் கேட்டா, 2000 எம்ஏஎச் ரீசார்ஜபிள் ரெண்டு செட் வாங்கி மாத்தி மாத்திப் போடுறதுதான் புத்தி. 100 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் ஒரு செட் 20 மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடும். வயரும் இல்லை, வில்லங்கமும் இல்லை.

வான்காது:
அண்ணையவை, நன்றி. மீட்டர் வச்சுப் பார்த்தன்: நடு பிளஸ், 5.1 வோல்ட். பற்றரியில, லப்டொப்புக்குப் பக்கத்தில வச்சா ஏறக்குறைய சுத்தம். அப்ப வயராலதான் வருது. இன்னொண்டு, லப்டொப்பின்ர சார்ஜரைக் கழட்டினா இரைச்சல் பாதியாக் குறையுது. பவர் பாங்கில அந்தச் சின்ன மோட் இல்லை.

சோல்டர்மணி:
அப்ப லேப்டாப் சார்ஜரும் கூட்டுக் களவாணி. வயர் வழியா வர்ற இரைச்சலைத் தடுக்குற, கிளிப் மாதிரி மாட்டுற ஃபெரைட் கோர் ஒண்ணு வாங்குங்க, 31ம் நம்பர் மிக்ஸ்னு ஒரு கலவை கிடைச்சா நல்லது. ஸ்கானர் முனையில, பிளக்கை ஒட்டி, வயரை நாலஞ்சு சுத்து சுத்தி மாட்டுங்க. ஒரே ஒரு தடவை நுழைச்சு விட்டா அவ்வளவா வேலை செய்யாது. கை ஸ்கானர்ல அந்த பவர் வயர் ஆன்டெனாவோட மறுபாதியா வேலை செய்யும், அதைத் துண்டிக்கத்தான் இது. முடிஞ்சா ஆன்டெனாவைக் கழட்டி, பிஎன்சி கேபிள் போட்டு ஜன்னல் பக்கம் தள்ளி வைங்க.

வான்காது:
ஃபெரைட் அஞ்சு சுத்து. 118.70 இப்ப பற்றரியில கேக்கிற மாதிரியே இருக்கு, ஸ்குவெல்ச் பழைய இடத்துக்கு வந்திட்டுது. ஆனா ஸ்கான் பண்ணேக்க சரியா 120.000இலயும் 132.000இலயும் நிண்டுகொள்ளுது. பேச்சு ஒண்டும் இல்லை, வெறும் அமைதி.

சோல்டர்மணி:
ரெண்டும் 12ஓட மடங்கு. யூஎஸ்பி சர்க்யூட்டுக்கு 12 மெகாஹெர்ட்ஸ் கிளாக் சகஜம், அதோட வாலா இருக்கலாம். வயரை உருவினதும் போயிடுச்சுன்னா அதேதான். அந்த ரெண்டையும் ஸ்கான் தாண்டிப் போற மாதிரி லாக்அவுட் பண்ணிட்டு ஸ்கானை ஓட விடுங்க.

பழையரேடியோ:
நான் சொன்ன ரெண்டு செட் பற்றரி வாங்கினீரோ இல்லையோ?