மறு: ‘ரோனின்’ – கலைச்சொல் வேண்டும் (வியாழனுக்குள்)

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியில் திரைப்பட ரசனைத் தாளுக்குத் தமிழில் கையேடு போடுகிறோம். வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போயாகவேண்டும். சாமுராய்ப் படங்கள் மேற்கத்திய சினிமாவை எப்படி மாற்றின என்ற அத்தியாயத்தில் ஒரு சொல்தான் பாக்கி: ரோனின், அதாவது எசமானை இழந்த சாமுராய். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் ‘யோஜிம்போ’வில் (1961) நடிகர் மிஃபுனே ஏற்ற பாத்திரம் அப்படி ஒருவன். அதே கதையை 1964-இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ என்று எடுத்தபோது அவன் ஊர் பேர் தெரியாத துப்பாக்கிக்காரன் ஆகிவிட்டான். இருவருக்கும் பொருந்துகிற ஒரே சொல் கிடைத்தால் மாணவர்களுக்குத் தொடர்ச்சி பட்டென்று புரியும். ‘கூலிப்படை’ என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் செய்தித்தாள் கொலை வழக்குகளை நினைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

– மீ., கோவை

* * *

அன்புள்ள மீ. அவர்களுக்கு,

முதலில், ‘ரோனின்’ என்று எழுதுவதே பிழை. ரகரம் மொழிக்கு முதலில் வாராது. ‘உரோனின்’ என்க. சாமுராய் இருந்துவிட்டுப் போகட்டும். சகரம் அ, ஐ, ஔ மூன்றோடு கூடி முதலில் வாராது என்றுதான் தொல்காப்பியர் விலக்கினார். ‘சா’ அந்த விலக்கில் இல்லை. ஆக சாமுராய்க்கு அனுமதி உண்டு, சண்டைக்குத்தான் இல்லை.

என் பரிந்துரை: இறையிலி மறவன். இறை என்றால் தலைவன். அவன் இல்லாதவன் இறையிலி.

– பெ.மா., தஞ்சாவூர்

* * *

புலவர் ஐயா, உங்கள் ஊர்க் கல்வெட்டுகளிலேயே இறையிலி என்றால் வரி நீக்கிய நிலம். மிஃபுனேயைக் கோயில் நிலத்துக்குக் காவலாள் ஆக்கிவிடாதீர்கள். ‘மறவன்’ இன்று சாதிப்பெயராகவும் காதில் விழும், அதுவும் வேண்டாம்.

ரோனின் என்பதில் முதல் எழுத்துக்கு அலை என்று பொருள், இரண்டாவதற்கு ஆள். நமக்கும் அலை என்றால் கடல் அலை, அலைவது இரண்டும்தானே? ‘அலைவீரன்’ என்று வைத்தால் என்ன?

– கு., சென்னை

* * *

தம்பி கு. சொன்னது இரவெல்லாம் தூங்கவிடவில்லை. அலை, அலைவு, அலைச்சல், அலைக்கழிவு. திருச்செந்தூருக்குச் சீரலைவாய் என்று பெயர். அலையை வாயிலில் வைத்த இனம் நாம்! ஆனால் ‘வீரன்’ வடசொல். ஆகவே ‘அலைவாளன்’. அலை + வாள் + அன் என்றும் பிரிக்கலாம், அலைவு + ஆளன் என்றும் பிரிக்கலாம். எப்படிப் பிரித்தாலும் பொருள் நிற்கிறது. இப்படி ஒரு சொல் நூற்றாண்டுக்கு ஒன்றுதான் அமையும்.

– பெ.மா.

* * *

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. பக்கத்து அறை இயற்பியல் ஆசிரியரிடம் காட்டினேன். ஊசல் அலைவுக்கு ஏதோ புதுக் கருவியா என்று கேட்டார்.

– மீ.

* * *

வணக்கம். ஊர் தெரியாத அந்நியன் என்ற பொருளை மட்டும் எடுத்தால் ‘ஏதிலான்’ நல்ல பழஞ்சொல். ‘ஏதிலார் குற்றம்போல்’ என்று குறளில் இருக்கிறதே. ஆனால் நாங்கள் அகதிகளை ஏதிலிகள் என்று எழுதிப் பழகிவிட்டோம். குதிரையில் ஏதிலி வந்தான் என்று வாசித்தால் இங்கே எங்கள் ஆட்களுக்கு வேறு படம்தான் ஓடும். அதனால் நானே முன்மொழிந்து நானே மறுக்கிறேன்.

– யோ., டொரன்டோ

* * *

ஒரே சொல்லைத் தேடுவதே தப்பு என்று எனக்குப் படுகிறது. ‘ஏழு சாமுராய்’ (1954) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளையரிடமிருந்து காக்க ஆள் தேடி வந்த கிராமத்தாரால் கம்பெய் என்ற மூத்த ரோனினுக்குத் தர முடிந்தது வயிற்றுக்குச் சோறு மட்டும். முடியாது என்கிறார். விடுதியில் கிடக்கும் கூலிக்காரன் ஒருவன் வெள்ளைச் சோறு குவித்த கிண்ணத்தைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டி, உங்களுக்கு இதைப் போட்டுவிட்டு இவர்கள் என்ன தின்கிறார்கள் தெரியுமா, வெறும் சிறுதானியம் என்று கத்துகிறான். கம்பெய் கிண்ணத்தை வாங்கிக்கொள்கிறார். இந்தச் சோற்றை வீணாக்கமாட்டேன் என்கிறார். அதோடு பேரம் முடிந்தது.

இதற்கு நம்மிடம் செஞ்சோற்றுக்கடன் என்ற சொல் தயாராக இருக்கிறது. அதை விட்டுவிட்டு அலையைப் பிடித்துத் தொங்குகிறோம். சாமுராய்க்குச் சம்பளமே அரிசிக் கணக்கில்தான். ஒரு கொகு என்பது ஏறக்குறைய 180 லிட்டர், ஓர் ஆள் ஓராண்டு தின்னும் அரிசி என்று கணக்கு. எசமானின் வீடு ஒழிக்கப்பட்டால் அரிசி நின்றுபோகும். அப்படி நின்றுபோனவன் ரோனின். ‘ஏழு சாமுராய்’ கதையே 1960-இல் அமெரிக்கக் கௌபாய்ப் படமாக ‘தி மேக்னிஃபிசன்ட் செவன்’ ஆனபோது ஆளுக்கு 20 டாலர். அந்தத் துப்பாக்கிக்காரர்களுக்கு இழப்பதற்கு எசமான் என்று யாரும் இருந்ததே இல்லை. கடன் அறுந்தவன் வேறு, கடனே படாதவன் வேறு.

இயக்குநர் கொபயாஷியின் ‘ஹராகிரி’ (1962) 1630-இல் நடக்கிறது. சோற்றுக்கு வழியில்லாத இளம் ரோனின் வாளை விற்றுவிட்டு உறையில் மூங்கில் பட்டையைச் செருகி வைத்திருக்கிறான். அந்த மூங்கிலாலேயே வயிற்றைக் கிழித்துக்கொள்ள வைக்கிறார்கள். துப்பாக்கியை விற்றுவிட்டு மரத்துப்பாக்கியைச் சொருகிக்கொண்டு திரியும் கதாநாயகனை எந்த கௌபாய்ப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? இருவருக்கும் ஒரே பெயர் சூட்டினால், கடல் தாண்டியதில் எது கழன்று விழுந்தது என்பதை நாமே மூடி மறைத்ததாக ஆகும்.

– ந., புதுச்சேரி

* * *

ந. அக்கா, ‘ஏழு சாமுராய்’க்கும் ‘ஹராகிரி’க்கும் நீங்கள் சொல்வது சரி. ‘யோஜிம்போ’வுக்கு எடுபடாது. முச்சந்தியில் குச்சியைத் தூக்கிப் போட்டு, அது காட்டும் பக்கம் நடக்கிறவன் அவன். பெயர் கேட்டால் சன்னல் வழியே தெரியும் மல்பெரித் தோட்டத்தைப் பார்த்து அதையே பெயராகச் சொல்கிறான். அவனுக்கு எந்தச் சோற்றுக்கடன்? எதிராளி கையில் கைத்துப்பாக்கி வேறு இருக்கிறது. கயிற்றை அறுத்தவர் குரோசவாவேதான். லியோனி அறுந்த கயிற்றை எடுத்துக்கொண்டு போனார், அதுவும் கேட்காமல். ‘யோஜிம்போ’வை வெளியிட்ட டோஹோ நிறுவனம் வழக்குத் தொடுத்த பிறகு வசூலில் 15 விழுக்காடு கொடுக்க வேண்டி வந்தது. குரோசவாவே அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் கௌபாய்ப் படங்களை ரசித்துப் பார்த்தவர், ஆகவே இது ஒருவழிப் பாதையும் இல்லை. ஒரே சொல் என்ற மீ.யின் ஆசையில் நியாயம் இருக்கிறது.

– கு.

* * *

இடையில் ஒன்று. வாள்சண்டைப் படங்களை ஜப்பானியர் ‘சான்பரா’ என்கிறார்களாமே. ‘சான்சான் பராபரா’ என்ற ஒலிக்குறிப்பின் சுருக்கம் அது, வாளோடு வாள் மோதும் ஓசை. இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்து இசையாது என்பது நம் நூற்பா. அவர்களோ பிரித்து, பாதியை வெட்டி எறிந்து, மிச்சத்தை ஒட்டியிருக்கிறார்கள். நாம் இதைக் ‘கணகணப் படம்’ எனலாம். இலக்கணமும் பிழைக்கும்.

– பெ.மா.

* * *

புலவர் ஐயா, கணகண என்றால் அடுப்பில் தணல்தான் நினைவுக்கு வருகிறது. வாளுக்குச் ‘சடசட’ சரியாக இருக்குமா? அது மழைக்குப் போய்விடும். ‘சளசள’? வேண்டாம், நானே நிறுத்திக்கொள்கிறேன். இன்று புதன், மாலை ஐந்து மணிக்கு மெய்ப்பு கேட்கிறார்கள்.

– மீ.

* * *

அப்படியென்றால் எண்ணிக்கைக்கே வருவோம். ரோனினை ரோனினாகவே விட்டுவிட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘எசமானை இழந்த சாமுராய்’ என்று விளக்கம் கொடுக்கலாம் என்று நான், யோ., தனி மடலில் இன்னும் இருவர். ‘அலைவாளன்’ கட்சியில் புலவர் ஐயா மட்டும். கு. இன்னும் அலைவீரனைக் கைவிடவில்லை என்று நினைக்கிறேன். இன்னொன்று: பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று, மறு ஆண்டு எழுதக் காத்திருக்கும் மாணவனையும் இன்றைய ஜப்பானில் ரோனின் என்றுதான் சொல்கிறார்கள். வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், அந்தச் சொல்லை ஒரு பிள்ளையும் மறக்காது.

– ந.

* * *

எல்லோருக்கும் நன்றி. ‘ரோனின்’ என்றே போட்டு அனுப்பிவிட்டேன். லியோனியின் ஆளுக்கு ‘ஊர்பேர் தெரியாதவன்’. செஞ்சோற்றுக்கடன் பற்றி ந. எழுதியதைச் சுருக்கி ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

– மீ.

* * *

‘உரோனின்’ என்றாவது போட்டிருக்கலாம். என் மாறுபாட்டைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்பு எப்போது?

– பெ.மா.