வால்பாறையில் சிவப்பு விளக்கு எரிந்த சாயங்காலம்

ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போய்ச் சேர்ந்தபோது மதியம். ஒன்பதாவது வளைவில் நின்று அணையைப் பார்த்ததும், வழியில் வரையாடுகளைப் பார்த்ததும் தனிக்கதை. நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலம் நடந்தது.

ஆறு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டது. மகளுக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டு, நாங்கள் தங்கியிருந்த எஸ்டேட் பாதையில் மூவரும் நடந்தோம். இரண்டு பக்கமும் தேயிலை, கீழே ஓடையை ஒட்டி கரேலென்று சோலை. தூரத்தில் கம்பத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. செல்போன் டவர் விளக்கு என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தேன்.

கொழுந்து பறித்துவிட்டுத் திரும்பிய ஒரு அக்கா ஓடி வந்து மறித்தார். "தம்பி, லைட்டு எரியுது பாக்கலியா? ஆனை நிக்குது. பாப்பாவத் தூக்கிட்டு என்கூட வாங்க."

தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றான அவருடைய லைன் வீட்டில் உட்கார்ந்து கறுப்புத் தேநீர் குடித்தபடி கேட்டுக்கொண்டோம். பக்கத்தில் யானை இருந்தால் ஊர்க்காரர்களே செல்போனில் அழைத்து அந்த விளக்கை எரியவிடுகிறார்கள். குறுஞ்செய்தியும் வருமாம். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் வனத்துறையோடு சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு இது. இருட்டில், யானை நிற்பது தெரியாமலே எதிரே போய் மாட்டிக்கொண்டவர்கள்தான் அங்கே அதிகம் இறந்திருக்கிறார்கள். யானை தேயிலையைத் தின்பதில்லை. ஒரு சோலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில்தான் எஸ்டேட்டுகள் இருக்கின்றன. "அரிசி வாசத்துக்கு ரேஷன் கடையை உடைக்கும். அதுக்கும் பசிதானே" என்றார் அந்த அக்கா. குரலில் கோபமே இல்லை.

எட்டு மணி வாக்கில் கீழே கிளை முறியும் சத்தம். பிறகு ஒரு பிளிறல். மகள் என் கையை விடவே இல்லை.

மறுநாள் காலை புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சாலைக்கு மேலே குரங்குகளுக்காகக் கட்டியிருந்த தொங்குபாலத்தில் சிங்கவால் குரங்குகள் வரிசையாகக் கடந்தன. கீழே ஒரு காரிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தீனிக்குப் பழகினால் அவை பாலத்தை விட்டு ரோட்டுக்கு இறங்கும், வண்டியில் அடிபடும்.

கிளம்பும் முன் அந்த எஸ்டேட் பாதையை மறுபடி போய்ப் பார்த்தேன். நாங்கள் நடந்து போயிருக்க வேண்டிய வளைவில் ஈர மண்ணில் முறம் அகலத்துக்குக் காலடிகள். அவற்றை ஒட்டியே, என் உள்ளங்கையைவிடக் கொஞ்சமே பெரிதாக, குட்டியின் தடம்.