அமெரிக்கா மாதிரி இலங்கைக்கும் ஒரு கடன் எல்லை இருந்திருந்தா?

கொக்குவில் அம்மா:
மகள் இந்தமுறை உயர்தரம், வணிகப் பிரிவு. “கடன் எல்லையை உயர்த்தாட்டி அமெரிக்க அரசாங்கமே நிண்டு போகுமாம். எங்களுக்கும் அப்பிடி ஒரு எல்லை இருந்திருந்தா 2022 இல வரிசையில நிண்டிருக்க மாட்டம்தானே அம்மா” எண்டு கேட்டாள். எனக்குப் பதில் தெரியேல்லை. நான் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில ஒரு புடவைக்கடையில 11 வருசமா வேலை. சேமிப்பெண்டு இருக்கிறது ஊழியர் சேமலாப நிதி மட்டும்தான். அதிலயும் கை வைச்சவை எண்டு கதைச்சினம். விளக்கமாச் சொல்லுங்கோ.

ஓய்ந்த செயலாளர்:
பிள்ளை, நான் சுன்னாகம் பக்கம் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமொண்டில 26 வருசம் செயலாளரா இருந்தனான். எங்களுக்கும் ஒரு உச்சக் கடன் எல்லை இருந்தது. பொதுக்கூட்டத்தில அங்கத்தவர் கை உயர்த்தினாத்தான் அந்தத் தொகை நிக்கும். ஒருமுறை வெங்காயச் செய்கைக்காரர் எல்லையைக் கூட்டச் சொல்லி, இருட்டும் மட்டும் வாக்குவாதம். எண்டாலும் அந்தச் சண்டையெல்லாம் கடன் எடுக்க முதல் நடந்தது.

அமெரிக்காவில எல்லாம் முடிஞ்ச பிறகுதான். என்ன செலவு, என்ன வரி எண்டு காங்கிரஸ், அதாவது அவையின்ர பாராளுமன்றம், முதலே சட்டமாக்கிப் போடும். துண்டுவிழுற தொகைக்குத் திறைசேரி கடன் எடுக்கப் போகேக்கைதான் எல்லை குறுக்க நிக்கும். சாமான் வாங்கி, சமைச்சுச் சாப்பிட்டு, கடைக்காரர் கொப்பியோட படலையில நிக்கேக்கை, காசு குடுக்கிறதோ எண்டு வீட்டுக்குள்ள வாக்கெடுக்கிற மாதிரி. (அரசாங்கம் நிண்டு போறது வேற, அது ஒதுக்கீடு நிறைவேறாட்டி வாறது. கடன் எல்லையில முட்டினா, எடுத்த கடனையே கட்டேலாமல் போகும்.)

அந்த நேரம் பாத்து, “கை உயர்த்திறம், இதை வெட்டு” எண்டு கேக்கலாம். 2011 இல குடியரசுக் கட்சிக்காரர் ஒபாமாவிட்டைக் கேட்டது அதுதான். எல்லையை உயர்த்திற சட்டத்தில ஒபாமா ஓகஸ்ட் 2 இல ஒப்பமிட்டும், 3 நாளில கடன் தரம் போடுற நிறுவனமான ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் அந்த நாட்டின்ர கடன் தரத்தைக் குறைச்சது. 2023 இல ஜூன் 5 ஓட காசு முடியுது எண்டு திறைசேரி சொல்ல, பேரம் பேசி முடிச்ச சட்டத்தில பைடன் ஜூன் 3 இல கையெழுத்து வைச்சார். பாதுகாப்புச் செலவு வெட்டுப்படேல்லை. பராமரிக்கப் பிள்ளையள் இல்லாதவை உணவு உதவி எடுக்க வேலை செய்து காட்டவேணும் எண்ட விதி, 49 வயசு மட்டும் இருந்ததை 54 ஆக்கினவை. 52 வயசில வேலை பறிபோன மனிசன் அந்தப் பேச்சுவார்த்தைக்குப் போனவரே? எனக்கு நெஞ்சு எரியுறது அதுக்குத்தான்.

நெல்லியடித் தம்பி:
ஐயா, அக்காவின்ர மற்றக் கேள்வியை விட்டிட்டியள். எங்களுக்கும் எல்லை இருந்தது அக்கா. வருசா வருசம் ஒதுக்கீட்டுச் சட்டத்திலயே எவ்வளவு கடன் எடுக்கலாம் எண்டு எழுதியிருக்கும். செலவும் எல்லையும் ஒண்டா நிறைவேறும், அதால அமெரிக்கா மாதிரி இழுபறி இல்லை. பெரும்பான்மை கையில இருந்தா எல்லையை உயர்த்திறதும் லேசு. 2019 கடைசியில வற் வரியை 15 வீதத்திலயிருந்து 8 ஆக் குறைச்சினம். வருமானம் விழுந்தா எந்த எல்லை தாங்கும்? 2022 ஏப்ரல் 12 இல வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு அறிவிச்சாச்சு. இப்ப 2024 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வட்டி தவிர்ந்த செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில 13 வீதத்தைத் தாண்டக்கூடாது.

ஓய்ந்த செயலாளர்:
தம்பி சொன்னது சரி. பிள்ளை, உங்கட சேமலாப நிதிக்கு வாறன். 2023 ஜூலை 1, சனிக்கிழமை, பாராளுமன்றத்தில 122 க்கு 62 எண்டு நிறைவேறினது உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. வங்கியள் வைச்சிருந்த திறைசேரி முறியளை (அரசாங்கம் வாங்கின கடனுக்குக் குடுக்கிற பத்திரங்கள்) தொடேல்லை. உங்கட நிதியம் வைச்சிருந்த முறியளுக்குப் பதிலாப் புது முறியள் குடுத்தவை: 2025 வரை 12 வீத வட்டி, பிறகு 9. சம்மதிக்காட்டி, நிதியத்தின்ர முறி வருமானத்துக்கான வரி 14 வீதத்திலயிருந்து 30. உங்கட முதல் அப்பிடியே இருக்கு, குறைஞ்சது இனி வாற வட்டி. எங்கட சங்கத்தில வைப்பு வட்டியைக் குறைக்கிறதெண்டா, வைப்பாளரின்ர முகத்தைப் பாத்துத்தான் சொல்லவேணும். உங்களை ஆர் கூப்பிட்டுக் கேட்டது?

கொக்குவில் அம்மா:
ஒருத்தரும் கேக்கேல்லை ஐயா. எல்லாத்தையும் மகளுக்கு வாசிச்சுக் காட்டினன். அந்த 13 வீதத்துக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு எண்டு பாக்கவேணுமாம். அந்த விபரம் தமிழில இருந்தா ஆராவது இதில போட்டுவிடுங்கோ.